அரை ஷட்டரும் அந்தத் தீவும்

நான் நடுநிலையானவள் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவன் ஒரு துருக்கிக்காரன். அடுத்ததாகச் சொன்னவள் ஒரு கிரேக்கப் பெண். அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

2010 இலையுதிர்காலம். நான் பாரிஸில் பல்கலைக்கழகம் இரண்டாம் வருடம். எங்கள் பீடத்தில் படித்த துருக்கி மாணவர்களும் கிரேக்க மாணவர்களும் சேர்ந்து ஒரு சமாதான உரையாடல் வட்டம் தொடங்கியிருந்தார்கள். பெரியவர்கள் தலையீடு கிடையாது. பக்கத்துக்கு ஆறு பேர், பன்னிரண்டு கதிரை, வாரத்துக்கு ஒருநாள். நடுவராக இருக்க யாராவது வாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சமாதானத்துக்காக நான் போகவில்லை. நடுவராக இருந்தால் அந்தப் பருவத்தில் மேலதிகப் புள்ளி கிடைக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது, அதற்காகத்தான் போனேன்.

என்னோடு போட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சுப் பிள்ளைகள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: விடுமுறைக்கு எங்கே போவீர்கள்? ஒருத்தி ஒவ்வொரு கோடையும் கிரேக்கத் தீவொன்றில் கழித்திருந்தாள். துருக்கிப் பக்கம் அவளை வேண்டாம் என்றது. இன்னொருவன் துருக்கியில் பலூனில் ஏறிப் படம் எடுத்திருந்தான். கிரேக்கப் பக்கம் தலையை ஆட்டியது. மூன்றாமவள் எங்கேயும் போனதில்லை, ஆனால் அவளுடைய பாட்டனுக்குக் கிரேக்கக் கரையில் ஒரு பாய்க்கப்பல் நின்றது. பிறகு என் முறை வந்தது.

"ஸ்தேனுக்குப் போவேன்" என்றேன். பாரிஸுக்கு வடக்கே, பஸ்ஸில் போய்ச் சேரும் தூரம். சின்னம்மா அங்கே இருக்கிறார்.

"வேறு எங்கே?"

"பொண்டிக்கு." அங்கே மாமா வீடு.

இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. இப்படி ஒரு சுத்தமான ஆள் தங்களுக்குக் கிடைப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. காசில்லாமல் வீட்டில் கிடந்தவளுக்கு நடுநிலை என்ற பட்டமும் கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி என் நடுநிலையின் லட்சணத்தைச் சொல்லவேண்டும்.

என் அப்பாவின் தமையன், எனக்குப் பெரியப்பா. அப்பாவை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், இருவரும் சேர்ந்து ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு மேலே ஒரே வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்தோம். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது அவர். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டில் வந்து நான் முதலாம் பிள்ளை என்று பொய் சொன்னதும் அவர்தான். என்னைக் 'குஞ்சு' என்று கூப்பிடுவார். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்கமாட்டார், மணிக்கட்டைத்தான் பிடிப்பார். கை என்றால் வழுக்கிப் போய்விடுமாம். "ரெண்டு பக்கமும் பார்த்துக் கட" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். பச்சை விளக்கு எரிந்தாலும் சொல்லுவார். ஒரு வாகனமும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் சொல்லுவார்.

2009 வந்தது. அந்த வசந்தத்தில், இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி, எங்கள் ஆட்கள் பாரிஸின் வீதிகளில் நாள்தோறும் நின்றார்கள். அப்பா கடையை விட்டுவிட்டுப் போய் அவர்களோடு நின்றார். பெரியப்பா கடையில் நின்று, வீதியில் நின்றவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பினார். மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்துபோன பிறகு, தெரு முழுக்க ஒருநாள் கடைகளைப் பூட்டித் துக்கம் காப்பது என்று முடிவாகியது. அன்றைக்கு எல்லாக் கடைகளிலும் ஷட்டர் நிலம் வரைக்கும் இறங்கியிருந்தது. எங்கள் கடையில் மட்டும் பாதியில் நின்றது. குனிந்தால் உள்ளே போகலாம்.

அப்பா வந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு ஷட்டர் அரைவாசி திறந்திருந்தது. பெரியப்பாவோ அரைவாசி பூட்டித்தான் இருக்கிறது என்றார். பிள்ளைக்குப் பால்மா இல்லை என்று வந்து நிற்கிற சனத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லுகிறாயா என்று கேட்டார். ஒரு நாளைக்குக்கூட வியாபாரத்தை விட ஏலாதா என்று அப்பா கேட்டார். இருவரும் சேர்ந்து அழவேண்டிய நாளில் ஷட்டரின் உயரத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். அழ முடியாததால்தான் சண்டை பிடித்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் நாங்கள் வேறு வீட்டுக்குப் போனோம். அப்பா அதே தெருவில், நேரே எதிர்ப்பக்கத்தில், தனிக்கடை போட்டார்.

எங்கள் ஆட்களிடம் 'கோவம்' என்று ஒன்று இருக்கிறது. அது உணர்ச்சி அல்ல, ஓர் ஏற்பாடு. அவர்களோடு கோவம் என்றால் அவர்களோடு பேச்சு இல்லை என்று அர்த்தம். அதற்கு ஒழுங்கான சட்டதிட்டங்கள் உண்டு. கோவமான இருவர் நேரே கதைக்கக்கூடாது. ஆனால் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் மூன்றாம் ஆள் ஒருவர் ஊடாகக் கதைக்கலாம். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரைத் தாண்டி, சாப்பாடு போடுகிற பெண்ணிடம், "பிள்ளை, அந்த ஆளிட்டை உப்பை இஞ்சாலை தள்ளச் சொல்லு" என்று சொல்லவேண்டும். அந்தப் பிள்ளை திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அந்த ஆளுக்குக் காது கேட்கும். பெயர் சொல்லக்கூடாது, உறவுமுறை சொல்லக்கூடாது. 'அந்த ஆள்', அவ்வளவுதான். வீட்டுக்குப் பெரியவர்கள் கோவமானால், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் எல்லோரும் தாமாகவே கோவமாகிவிடுவார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை. மழை வந்தால் குடையை விரிக்கச் சொல்லி ஒருவரும் கட்டளை போடுவதில்லையே.

அம்மாவும் பெரியம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே கோயிலில் ஒரே வரிசையில் ஆறு பேர் இடைவெளி விட்டு நின்று கும்பிட்டார்கள். நான் அப்பாவின் கடைப்பக்க நடைபாதையில் நடக்கப் பழகினேன். மெத்ரோவிலிருந்து வருவதற்குப் பெரியப்பாவின் கடைப்பக்கம்தான் கிட்ட. ஆனாலும் முனையிலேயே ரோட்டைக் கடந்து, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நடந்துவிடுவேன். எதிரே அவர் மரக்கறிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரியும். ஒவ்வொரு நாளும் தெரியும். எனக்குப் பெரியப்பா வேண்டும் என்று இருந்தது. அப்பாவைவிட அவர்தான் வேண்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஆனால் கோவம் நடந்துகொண்டிருந்தது, அதை நான் எப்படி மீறுவது?

இந்தத் தகுதிகளோடுதான் நான் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் சமாதானம் செய்யப் போனேன்.

முதல் கூட்டம் ஒரு நகரத்தின் பெயரிலேயே முடிந்துவிட்டது. அந்த நகரத்துக்குக் கிரேக்கர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், துருக்கியர் இன்னொரு பெயர். கிரேக்கப் பெண் தன் பெயரால் சொன்னாள். துருக்கிக்காரன் தன் பெயரால் திருத்தினான். அவள் திருத்தத்தைத் திருத்தினாள். இரண்டாம் கூட்டம் ஒரு தீவில் தொடங்கி அதே தீவில் முடிந்தது. மூன்றாம் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க, யார் முதலில் உட்காருவது என்பது பிரச்சினையாகிவிட்டது. எனக்கு மேலதிகப் புள்ளி கையைவிட்டுப் போவது தெரிந்தது. அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இனிமேல் யாரும் மற்றப் பக்கத்தோடு நேரே பேசக்கூடாது. என்னிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் காது இருக்கிறது. இரண்டு பெயர் உள்ள எதற்கும் இங்கே பெயர் கிடையாது. 'அந்த நகரம்'. 'அந்தத் தீவு'. அவ்வளவுதான்."

எங்கள் கலியாண வீட்டுப் பந்தியை அப்படியே பிரெஞ்சில் இறக்கியிருந்தேன். அது அற்புதமாக வேலை செய்தது. "நடுவரே, எதிர்ப்பக்கத்தாரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று தொடங்கி, என் நெற்றியைப் பார்த்தபடி, சத்தமே போடாமல் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். முட்டை அவிக்கும்போது வைக்கிற மணிக்கூடு ஒன்றை நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். துருக்கிக்காரன் குறிப்பேடு எழுதினான். 'அந்தத் தீவில் அந்த ஆண்டில் நடந்த அந்தச் சம்பவத்துக்கு முன்னால் அந்தப் பிரச்சினை இருந்ததா என்று அந்தப் பக்கம் கேட்டது' என்றெல்லாம் அதில் இருக்கும். அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்படும். யாருக்கும் ஒன்றும் விளங்காத ஒரு விஷயத்தில் பன்னிரண்டு பேரும் கை தூக்குவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் ஒரு பேராசிரியர் வந்து பின்வரிசையில் இருந்து பார்த்தார். முடிந்தபிறகு இந்த முறையை எங்கே கற்றாய் என்று கேட்டார். குடும்பத்தில் என்றேன். அவர் தன் அறிக்கையில் 'கீழைத்தேயத்தின் தொன்மையான சமாதான மரபு' என்று எழுதினார். உப்புப் போத்தலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. கூட்டத்துக்கு வெளியே அவர்களுக்குள் சண்டையே இல்லை. துருக்கிக்காரனுக்குத் தலைமுடி வெட்டிவிடுவதே அந்தக் கிரேக்கப் பெண்தான். அவள் கத்தரிக்கோலோடு அவன் பிடரிக்குப் பின்னால் நிற்கும்போது இருவரும் தீவைப் பற்றிக் கதைப்பதில்லை. வாரம் முழுக்கச் சிநேகிதமாக இருந்துவிட்டு, சண்டை போடுவதற்கென்று ஒருநாளை ஒதுக்கி, மண்டபம் எடுத்து, நடுவர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லாம் தலைகீழ். அங்கே சண்டை வாரம் முழுக்க நடந்தது, சிநேகிதத்துக்கு ஒருநாளும் ஒதுக்கப்படவில்லை.

வருடக் கடைசியில், யூன் மாதத்தில், ஒரு பொது நிகழ்ச்சி வைப்பது என்று முடிவானது. வட்டத்தின் வெற்றியை ஊருக்குக் காட்டவேண்டுமாம். சாப்பாட்டில் வந்து எல்லாம் நின்றது. கோப்பியை இருவரும் தங்களுடையது என்றார்கள். இலையில் சுற்றிய சோறும் அப்படித்தான், தேன் ஊற்றிய இனிப்பும் அப்படித்தான். 'அந்தக் கோப்பி' என்று விலைப்பட்டியலில் போட முடியாது. இரண்டு கூட்டம் இதிலேயே போனது. பிறகு கிரேக்கப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"நடுவர் நடுநிலை. நடுவரின் சாப்பாடும் நடுநிலையாகத்தானே இருக்கவேண்டும்?"

இப்படியாக மட்டன் ரோல்ஸும் கடலை வடையும் சமாதான உணவாக அறிவிக்கப்பட்டன. ஆனால் சமத்துவம் வேண்டும். அரைவாசியைக் கிரேக்கப் பக்கம் வாங்கவேண்டும், அரைவாசியைத் துருக்கிப் பக்கம் வாங்கவேண்டும், ஒரே கடையில் வாங்கக்கூடாது. நான் அவர்களுக்கு, யாருடையது என்று சொல்லாமல், அப்பாவின் கடையைச் சொன்னேன். ரூ பிலிப்-து-ஜிராரில் இன்னும் எத்தனையோ கடை இருக்கிறது, எதிலாவது வாங்குங்கள் என்றேன். அவர்களோடு நான் போகவில்லை. கிரேக்கப் பெண் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். துருக்கிக்காரன் நேரே ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனான். இரண்டு வருடமாக என்னால் முடியாததை அவன் பத்து அடியில் செய்து முடித்தான்.

மறுநாள் இருவரும் என்னிடம் வந்தார்கள். "விசித்திரமாக இருக்கிறது. இரண்டு கடைக்காரருக்கும் ஒரே முகம்" என்றான் அவன்.

"எங்களைப் பார்த்தால் உங்களுக்கு எல்லோரும் ஒரே முகமாகத்தான் தெரியும்" என்றேன்.

அவன் காது வரை சிவந்துபோனான். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். கிரேக்கப் பெண் தன் மனதுக்குள் மறைந்திருக்கும் இனவாதத்தைப் பற்றி எனக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினாள். நல்ல பிள்ளைகள். கண்ணால் கண்டதைச் சொன்னதற்காக இரண்டு பேரையும் வெட்கப்பட வைத்தேன். என்னிடமிருந்த வெட்கத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டேன் என்பதுதான் உண்மை. அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்கவில்லை, ஆனால் திறந்து வாசிக்க மனம் வருவதில்லை.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. யூன் மாத வெயில் யன்னல் முழுக்க இருந்தது. லா சப்பலில் மெத்ரோ பாலத்தின் மேலே ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிருகிற ஒரு மண்டபம். சாப்பாட்டுக்கு ஒரு மேசைதான் போட்டிருந்தார்கள். பெரியப்பா முதலில் வந்து தட்டை வைத்துவிட்டார். அலுமினியத் தாளை அவர் பிரித்துக்கொண்டு நின்றபோது அப்பா தன் தட்டோடு வந்தார்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஓடுவதற்கு வழி இல்லை.

"பிள்ளை," என்றார் அப்பா என்னைப் பார்த்து, "உந்தத் தட்டைக் கொஞ்சம் அங்காலை தள்ளச் சொல்லு."

பெரியப்பா ஒரு முழத் தூரத்தில் நின்றார். என்னோடும் பேச்சு இல்லை என்றபடியால் அவருக்கு மூன்றாம் ஆள் இல்லை. அவர் மேசையிடம் சொன்னார்.

"முதல் வந்த தட்டு தள்ளாது."

கிரேக்கப் பெண் பக்கத்தில் நின்றாள். தமிழ் தெரியாவிட்டாலும் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. ஒரு வருடமாக அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள். "இது எங்கள் முறையல்லவா?" என்று என் காதில் கேட்டாள். "இவர்கள் யார்?"

"இவர் என் அப்பா."

"மற்றவர்?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கடைக்காரருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவளையும் துருக்கிக்காரனையும் நான் நம்பவைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் போன வாரப் பொய்யும் வெளியே வந்துவிடும்.

"அவர் எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர்" என்றேன், பிரெஞ்சில்.

பெரியப்பா இந்த நாட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். பிரெஞ்சுக்காரர் சமையலறைகளில் கோப்பை கழுவித்தான் அந்தப் பாஷையைப் படித்தார். எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தந்த பிரெஞ்சும் அதுதான். அவர் நிமிரவில்லை. கையிலிருந்த அலுமினியத் தாளை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வசனம் அதுதான். அதைச் சொல்லிவிட்டு நான் ரோல்ஸுக்குப் பக்கத்தில் துடைக்கும் கடதாசியை அடுக்கிவைத்தேன்.

நிகழ்ச்சியின் கடைசியில் எங்கள் முறையைச் சபைக்குச் செய்துகாட்டுவதாக இருந்தது. மூன்று கதிரை, நடுவில் நான். ஒரு கிரேக்கரும் ஒரு துருக்கியரும் வந்து உட்காரவேண்டும். அந்த நேரத்தில் கிரேக்கப் பெண் எழுந்து, மேசையடியில் தான் கண்டதைச் சொல்லி, இந்த மரபின் சொந்தக்காரர்களே இங்கே நிற்கும்போது நாங்கள் நடித்துக்காட்டுவது அழகா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். வாக்கெடுப்பு வைத்தார்கள். பன்னிரண்டு கையும் உயர்ந்தது. அந்த வருடத்தில் அவர்கள் மனமார ஒத்துப்போன இரண்டாவது தடவை அது.

வெள்ளைக்காரர் மரியாதையாகக் கேட்டால் அப்பாவுக்கு மறுக்கத் தெரியாது. அவருக்குத் துருக்கியரும் கிரேக்கரும் எல்லாம் வெள்ளைக்காரர், ஒரே முகம். அவர் வந்து வலப்பக்கக் கதிரையில் உட்கார்ந்தார். தம்பி உட்கார்ந்த பிறகு தான் பின்வாங்கினால் தோற்றதாகிவிடும் என்பதற்காகவே பெரியப்பா இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். துருக்கிக்காரன் குறிப்பேட்டைத் திறந்து, பெயர் விபரம் எழுதிக்கொண்டான். முட்டை மணிக்கூட்டை முறுக்கிவைத்தான். எதிர்ப்பக்கத்திடம் கேட்கவேண்டியதை நடுவரிடம் சொல்லுங்கள் என்று பிரெஞ்சில் விளக்கினான்.

அப்பாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"பிள்ளை, அந்த ஆளிட்டைக் கேள். அண்டைக்கு ஏன் சட்டரை முழுசா இறக்கேல்லை எண்டு."

நான் மொழிபெயர்த்தேன். சபை மிகுந்த மரியாதையோடு ஷட்டரைப் பற்றி யோசித்தது. பின்வரிசையில் பேராசிரியர் எதையோ எழுதினார்.

பெரியப்பாவின் முறை. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மெத்ரோ போய் யன்னல்கள் அதிர்ந்து அடங்கின. பிறகு அவர் முன்னால் சரிந்து, என்னைத் தாண்டி, அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி" என்றார்.

அப்பா திடுக்கிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் முதல்தடவை.

"தம்பி, உந்த மத்மொசெலிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லு. நான் உன்னோடைதான் கோவம். உவளோடை எனக்கென்ன கோவம்? ரெண்டு வரியமா ரோட்டுக்கு அங்காலைப் பக்கத்தாலை போறாள். என்ரை முகத்தைப் பாக்கிறாளில்லை. அண்டைக்குத்தான் அரைவாசி. அதுக்குப் பிறகு என்ரை சட்டர் முழுசாத் துறந்துதானே கிடக்குது."

அப்பா என் பக்கம் திரும்பினார். கேட்டதைச் சொல்லவேண்டும் என்பது முறை. அதை அவரால் மீற முடியவில்லை.

"பெரியப்பா கேக்கிறார், நீ ஏன் ரோட்டுக்கு அங்காலை போறாய் எண்டு." அதைச் சொல்லிவிட்டு அவருக்கே அது புதினமாகப் பட்டிருக்கவேண்டும். "நான் உன்னை அங்கை போகவேண்டாமெண்டு சொன்னனானோ பிள்ளை?"

இல்லை. அப்பா சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஒருவரும் போடாத ஒரு கட்டளைக்கு நான் கீழ்ப்படிந்து நடந்திருந்தேன். அந்த மனிசன் ஒவ்வொரு காலையும் மரக்கறிப் பெட்டி அடுக்குகிற சாட்டில் வாசலில் நின்றிருக்கிறார்.

"அப்பா, அவரிட்டைச் சொல்லுங்கோ..." என்று தொடங்கினேன். பழக்கதோஷம்.

"நீயே சொல்லு" என்றார் அப்பா. "நான் என்னத்துக்கு நடுவிலை?"

சபை காத்துக்கொண்டிருந்தது. துருக்கிக்காரன் பேனையோடு குனிந்து, "கடைக்காரர் என்ன கேட்டார்?" என்றான். குறிப்பேட்டில் அவன் அப்படித்தான் எழுதியிருந்தான்: இடப்பக்கம், ஒரு கடைக்காரர்.

"முதலில் அதைத் திருத்து" என்றேன். "அவர் கடைக்காரர் இல்லை. என் பெரியப்பா. என்னை வளர்த்தவர். போன வாரம் உங்களுக்குப் பொய் சொன்னேன். உனக்குக் கண் சரியாகத்தான் தெரிந்தது."

அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டை மணிக்கூடு கிணுகிணு என்று அடித்தது. முறை வெற்றியடைந்துவிட்டது என்று நினைத்துச் சபை எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவும் பெரியப்பாவும் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் தாங்களும் கொஞ்சம் தட்டினார்கள்.

அப்படியே கட்டிப்பிடித்து எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பெரியப்பா வெறும் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். அப்பா வேறு வழியால் போனார். பேராசிரியரின் அறிக்கையில் அந்த மாலைக்கு ஒரு தனி அத்தியாயம் கிடைத்தது. நான் வட்டத்திலிருந்து விலகினேன். இந்த முறையை விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லிப்பார்த்தேன். இது சண்டையைத் தீர்க்கிற முறை இல்லை, ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் ஊற்றுவது போல, சண்டை பழுதாகாமல் வைத்திருக்கிற முறை என்றேன். "அது தெரியும்" என்றாள் கிரேக்கப் பெண். "நேரே பேசினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கவேண்டி வருமே." வட்டம் அதற்குப் பிறகும் நடந்தது என்று கேள்வி. அந்தத் தீவு அந்தத் தீவாகவே இருக்கிறது.

நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை நான் மெத்ரோவிலிருந்து வந்து, முனையில் ரோட்டைக் கடக்காமல், நேரே பெரியப்பாவின் கடைக்குள் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொன்ஜூர், மத்மொசெல்" என்றார், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு வணக்கம் சொல்லுகிற மாதிரி.

பெரியப்பாவுக்கு மனம் நொந்தால் பிரெஞ்சு வரும். வெளியாளைப் போல எனக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எனக்குக் கறிவேப்பிலை தந்து, பில் துண்டும் தந்து, "போன் ஜூர்னே" என்று நல்ல நாளும் வாழ்த்தினார். நான் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். வீட்டில் கறிவேப்பிலை குவிந்தது. அம்மா அதை எல்லாக் கறியிலும் தாராளமாகப் போட்டார். யூலை போய் ஓகஸ்டும் போனது. ஒவ்வொரு நாளும் மத்மொசெல். நான் ஒவ்வொரு நாளும் "போட்டு வாறன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்ரெம்பரில் ஒருநாள் அப்பாவின் கடையில் நின்றேன். எதிர்க்கடை வாசலில் பெரியப்பா ஒரு பெரிய அரிசி மூட்டையைத் தனியாக இறக்க முயல்வதைக் கண்டேன். அவருக்கு முதுகு சரியில்லை. ஒன்றையும் யோசிக்காமல் நேரே ரோட்டில் இறங்கினேன். சாமான் கொண்டுவருகிற வேன் ஒன்று கிறீச்சென்று என் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ரெண்டு பக்கமும் பார்த்துக் கடவெண்டு எத்தினைதரம் சொன்னனான்?"

ஒரே நேரத்தில் இரண்டு கடைவாசலிலிருந்தும் வந்தது. ஒரே சத்தம், ஒரே வசனம். பெரியப்பா மூட்டையைப் போட்டுவிட்டு ரோட்டுக்குள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"செத்துப் போவியடி குஞ்சு" என்றார். பிறகு என் தலைக்கு மேலால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் கத்தினார். "டேய், உவளுக்கு ரோட்டுக் கடக்கக்கூடப் பழக்கேல்லையோ நீ?"

"நீங்கள் குடுத்த செல்லம்தான் அண்ணை" என்று அப்பா அங்கிருந்து கத்தினார்.

"நானோ செல்லம் குடுத்தனான்?"

"வேறை ஆர்?"

வேன்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. நான் நடுரோட்டில் நின்றேன். பெரியப்பா என் மணிக்கட்டை விடவில்லை.